சத்தம் சாரும் அஞ்சாவது மிஷினும்

அன்றைக்கு ராஜபாளையத்து மில்லில், கம்ப்யூட்டர் ரூமில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மில் முதலாளி.

டைப்பிஸ்ட் எஸ்தர் அக்கா.

கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த, கழுத்தில் டை கட்டிய ஒருத்தர்.

முதலாளியின் நாய் ஜிம்மி.

நான்.

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தவர்கள் நாலு பேர். ஜிம்மிக்கு அந்தச் சட்டம் கிடையாது. நேரே தோட்டத்திலிருந்து சேற்றுக் காலோடு வரும். ஆபீஸில் ஏ.சி. இருந்தது அந்த ஒரு ரூமில்தான். அது ஜிம்மிக்குத் தெரியும்.

இன்னொருவர் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ரத வீதியில் ஒரு டெலிபோன் பூத்தில் நின்றுகொண்டிருந்தார். கதை அவரைப் பற்றியது.

தமிழ்நாட்டிலேயே கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்க்காமல் பழுது சொன்ன முதல் ஆள் அவர்தான். கடைசி ஆளும் அவர்தான். அவர் பேரைச் சொன்னால் ஊரில் யாருக்கும் தெரியாது. சத்தம் சார் என்றால் தெரியும்.

இது நடந்தது தொண்ணூற்று நாலிலோ ஐந்திலோ. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. ஓனர் ஒருத்தர், சத்தம் சார், நான். மூன்றே பேர். பதினாலு ஆபீஸ் கம்ப்யூட்டர்களை வருஷ காண்ட்ராக்டில் பார்த்துக்கொண்டோம். சத்தம் சாருக்கு மிஷின் தெரியும். எனக்கு வண்டி தெரியும். நான் முன்னால் பஞ்சு மூட்டை தூக்கினேன். பிறகு டி.வி. தூக்கினேன். அதற்குப் பிறகு மானிட்டர் தூக்கினேன். கனம் எல்லாம் ஒன்றுதான்.

காலை எட்டரைக்கு சத்தம் சார் போன் பக்கத்தில் உட்காருவார். பதினாலு ஆபீஸுக்கும் ஒவ்வொன்றாக அடிப்பார்.

"சத்தம் சார் பேசுறேன். ரிசீவரை மிஷின் பக்கத்துல புடிங்க."

வணக்கம் கிடையாது. சௌக்கியமா கிடையாது. கண்ணை மூடிக்கொள்வார். மனசுக்குள் முப்பது வரை எண்ணுவார். உதடு மட்டும் அசையும். முப்பது வந்ததும் டொக்கென்று வைத்துவிடுவார். அந்தப் பக்கம் இருக்கிறவர் ரிசீவரைத் திரும்பக் காதுக்குக் கொண்டுபோவதற்குள் லைன் செத்திருக்கும்.

"என்னதான் சார் கேக்கும்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"காத்தாடி இழுத்துச்சுன்னா தூசி. உள்ள டிக்கு டிக்குன்னா ஹார்டு டிஸ்க்கு. ஒண்ணுமே கேக்கலைன்னா, தரை கூட்டுறவுக ஒயரைப் புடுங்கிட்டாக."

நம்பவில்லை நான். அதற்கடுத்த வாரம் வத்திராயிருப்பு ரைஸ் மில்லுக்கு அடித்தார். இருபது எண்ணும்போதே கண்ணைத் திறந்தார்.

"அண்ணாச்சி, வண்டிய எடுங்க. உள்ள எலி இருக்கு."

போனேன். மூடியைக் கழற்றினேன். எலி இல்லை. குஞ்சுகள் ஆறு. தாய் வெளியே போயிருந்தது.

அதற்குப் பிறகு நம்பினேன்.

ஆபீஸ்காரர்களுக்கு இது பெரிய தொந்தரவு. காலையில் வந்து சாமி படத்துக்குப் பூ வைக்கிற நேரம் அது. அப்போதுதான் போன் அடிக்கும். ஒரு லாட்ஜில் புது மேனேஜர் வந்தார். அவருக்கு யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை. தினம் எட்டரைக்கு எவனோ போன் போட்டு, ஒன்றும் பேசாமல் கேட்டுவிட்டு வைக்கிறான் என்று போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு ஏட்டையா கடைக்கு வந்தார். லத்தியை மேசையில் வைத்தார்.

"நீருதான் அந்தப் போன் ஆளா?"

சத்தம் சார் விளக்கமாகச் சொன்னார். ஏட்டையா லத்தியை மேசையிலிருந்து எடுத்தார். பிறகு குரலை இறக்கினார்.

"ஸ்டேஷன்ல டைப்ரைட்டர் ஒண்ணு கெடக்கு. அதையும் கேட்டுச் சொல்வீகளா?"

மில் டைப்பிஸ்ட் எஸ்தர் அக்காதான் அவரை ஏமாற்றப் பார்த்த ஆள். ஒரு நாள் நாலு மிஷினுக்கும் எழுந்து நடக்கச் சலித்துக்கொண்டு, மேசை ஃபேன் பக்கத்தில் ரிசீவரை நாலு தடவை பிடித்தார்.

"எஸ்தர், அது மேசை ஃபேனு. அதுக்கு எண்ணெய் விடுங்க. நாலு மிஷினையும் இப்பக் காட்டுங்க."

விடவில்லை அக்கா. மறுநாள் ரிசீவரை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உதட்டை மூடி, தானே "ம்ம்ம்ர்ர்ர்" என்று இழுத்தார். முப்பது எண்ணுகிற வரைக்கும் மூச்சு விடாமல். சர்ச்சில் பாடுகிற ஆள். மூச்சு உண்டு.

சத்தம் சார் முழுசும் கேட்டார்.

"சளி புடிச்சிருக்கு. மிளகு தட்டிப் போட்டுக் குடிங்க. இப்ப மிஷின்."

அன்றிலிருந்து எஸ்தர் அக்கா எழுந்து நடந்தார்.

சத்தம் ஒரு பக்கம் என்றால், நோட்டு இன்னொரு பக்கம். ஒவ்வொரு ஆபீஸுக்கும் ஒரு நீள நோட்டு. பழுப்பு அட்டை. எந்த மிஷின் எப்போது வந்தது, எந்த ஒயர் எந்தப் பிளக்கில், எல்லாம் எழுதியிருப்பார். படமும் போட்டிருப்பார். அதோடு நிறுத்தியிருந்தால் அவரை யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

ஒரு பஞ்சு ஆபீஸ் நோட்டில் இப்படி: "கீபோர்டில் மிக்சர். காரவகை. திங்கள்கிழமை அதிகம்."

லாட்ஜ் நோட்டில்: "பாஸ்வேர்டு மேனேஜர் சம்சாரம் பேர். சண்டை வந்தால் மாற்றிவிடுவார். அப்போது நடிகை பேர். எந்த நடிகை என்று தியேட்டர் போஸ்டரைப் பார்த்துக்கொள்ளவும்."

மில் நோட்டில்: "எஸ்தர் ஏ.சி.யை நிறுத்துவார். மூட்டுவலி. திட்டக் கூடாது. ஸ்வெட்டர் வாங்கித் தரச் சொல்லி முதலாளியிடம் சொல்லவும்." அதற்குக் கீழே, "சொல்லியாச்சு."

அதே பக்கத்தில்: "நாய். பேர் ஜிம்மி. வெள்ளை. தெலுங்கு மட்டும்." முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். தெலுங்கில் சொன்னால் ஜிம்மி கேட்கும் என்பார்கள். எனக்குத் தெரிந்து அது எதிலும் கேட்கவில்லை.

நோட்டுகளை அலமாரியில் பூட்டி வைப்பார். ஊர் ரகசியம் முழுசும் உள்ளே இருக்கிறதே. சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்துபோகக் கூடாது என்பதற்காக அதையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தார். அந்த நோட்டையும் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

மூன்று நாள் தேடினோம். நாலாம் நாள் பூட்டை உடைத்தோம். நோட்டைத் திறந்து பார்த்தால், "சாவி: வலது பாக்கெட்." சட்டையைத் துவைக்கப் போட்டிருந்தார்.

புதுப் பூட்டு வாங்கினோம். சாவியை என்னிடம் கொடுத்தார்.

ஓனருக்குப் பொறுக்கவில்லை. "ஏன்யா, நான் கடை ஓனர். எங்கிட்டத் தர மாட்டீரா?"

"நீங்க படிப்பீக. அண்ணாச்சி படிக்க மாட்டாரு."

எனக்குப் படிக்கத் தெரியும். ஆறாவது வரை போயிருக்கிறேன். அவர் சொன்னது அதை இல்லை என்று எனக்குப் புரிந்தது. சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் டை வந்தது.

கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி. அவர்களிடம் ஒரு சாப்ட்வேர். அதை மில்லுக்கு விற்க வந்தவர்தான் டை. முதலாளியிடம் அவர் பேசியதை எஸ்தர் அக்கா அப்படியே எங்களுக்குப் பேசிக் காட்டினார்.

"ஏனுங்க, இனிமே போன் பண்ற சோலியே இல்லீங்க. நாலு மிஷினையும் இதுவே பாத்துக்குமுங்க. எந்த மிஷின் என்ன, எப்ப வாங்குனதுன்னு இதுவே எழுதியும் வச்சுக்குமுங்க. நல்லா இருந்தா பச்சை. கெட்டுப்போச்சுன்னா சிவப்பு. அவ்வளவுதானுங்க."

எங்களுக்கு வருகிற காண்ட்ராக்ட் பணத்தில் பாதி அந்த மில்தான். ஓனர் அன்று சாப்பிடவில்லை. சாயங்காலம் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மில்லு போச்சுன்னா ரெண்டு ஆளை வச்சு நடத்த முடியாது."

யார் போக வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது. மிஷின் தெரிந்தவர் ஒருத்தர். தூக்கத் தெரிந்தவன் ஒருத்தன்.

எனக்கு இரண்டு பொண்ணுகள். மூத்தது பத்தாவது. சின்னது ஏழாவது. எனக்கு அப்போதே நாற்பத்தாறு. அந்த வயசில் திரும்ப மூட்டை தூக்கப் போனால் முதுகு சம்மதிக்காது.

நான் சரி என்றேன். சத்தம் சார் எழுந்தார். என்னிடம் சாவி வாங்கினார். அலமாரியைத் திறந்து மில் நோட்டை எடுத்தார். என்னமோ எழுதினார். பூட்டிவிட்டு சாவியைத் தந்தார்.

மில் முதலாளி நியாயமான மனுஷன். "ரெண்டு பேரும் வாங்க. நாலு மிஷினையும் பாருங்க. யாரு சொல்லுறது சரியோ அவங்களுக்கு" என்றுவிட்டார். நாளும் அவரே குறித்தார். எட்டரை மணி என்றார்.

குறித்த நாள் ஆடிப்பூரத் தேர்.

ஜில்லாவுக்கே லீவு. மில்லுக்கு லீவு கிடையாது. சத்தம் சார் வர முடியாது என்றார்.

ஓனர் கத்தினார். "தேரு நீரு இல்லாட்டியும் ஓடும்வே. கடை ஓடாது!"

"அச்சு சத்தம் கேக்கணும்."

இதைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வருஷமும் அவர் தேர்ச் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடந்து நாலு வீதியும் வருவார். வடம் பிடிக்க மாட்டார். சாமியை ஏறிட்டுப் பார்த்தாரா என்பதும் சந்தேகம். அச்சு சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வருவார். யாரும் அவரைக் கேட்கச் சொல்லவில்லை. கேட்டு யாரிடமும் சொன்னதும் இல்லை. அதற்கும் ஒரு நோட்டு இருந்தது.

"ரத வீதியில பூத்து இருக்கு. தேரு நகர்றதுக்கு முன்னாடி அங்கருந்து மில்லுக்குப் போன் போடுறேன். அண்ணாச்சி அங்க ரிசீவரைப் புடிக்கட்டும். எஸ்தர் கை ஆடும். அண்ணாச்சி கை ஆடாது."

என்னைப் பற்றி ஒருத்தர் சொன்ன சர்டிபிகேட் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

அன்றைக்கு விடியக்காலையிலேயே மொபெட்டில் ராஜபாளையம் போய்விட்டேன். எட்டேகால் மணிக்கு டை தன் வேலையைக் காட்டினார். பிளாப்பியைப் போட்டார். திரையில் நாலு கட்டம் வந்தது. நாலும் பச்சை.

"பாருங்க. நாலும் பிரமாதமுங்க."

முதலாளி தலையை ஆட்டினார். பச்சை அழகாகத்தான் இருந்தது.

எட்டரைக்குப் போன் அடித்தது. எடுத்தேன். அந்தப் பக்கம் கொட்டுச் சத்தம், ஜனச் சத்தம். தேர் வீதியில் ஒயர் தட்டும் என்று கரெண்டை நிறுத்திவிடுவார்கள். பூத்தில் மீட்டர் ஓடவில்லை. பூத்துக்காரர், "நிமிசத்தை நானா எண்ணணும்?" என்று கத்துவதும் கேட்டது.

"அண்ணாச்சி, சீக்கிரம் புடிங்க. தேரு நகந்துரும்."

முதல் மிஷின். முப்பது.

"சரி."

இரண்டாவது. "சரி. தூசி தட்டணும்." மூன்றாவது. "சரி."

நாலாவது எஸ்தர் அக்கா மிஷின். அது மட்டும் புது மாதிரி. பெட்டியை மேசைக்கு அடியில், தரையில் நிறுத்தியிருந்தார்கள். ரிசீவர் ஒயர் எட்டவில்லை. நான் குனிந்து, கையை மேசைக்கு அடியில் முடிந்த மட்டும் நீட்டினேன். கை ஆடவில்லை.

முப்பது போயிருக்கும். திரும்பக் காதில் வைத்தேன். அவர் குரல் மாறியிருந்தது.

"அண்ணாச்சி, அங்க இருக்கவுககிட்டச் சத்தமாச் சொல்லுங்க. இது இழுத்து இழுத்து விடுது. நடுவுல ஒரு கொர்ரு. நெஞ்சுக்குள்ள தண்ணி கோத்த மாதிரி. ஆறு மாசம் தாங்காது."

நான் அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

முதலாளி டையைப் பார்த்தார். டை திரையைப் பார்த்தார். நாலாவது கட்டம் பச்சை.

"நெஞ்சுங்களா? கம்ப்யூட்டருக்கு ஏதுங்க நெஞ்சு?"

சொல்லிவிட்டு டை மண்டி போட்டு மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் எழுந்திருக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தேன்.

பெட்டிக்குப் பக்கத்தில் ஜிம்மி படுத்திருந்தது. தோட்டத்தில் பெருச்சாளி விரட்டிவிட்டு வந்து, ஏ.சி.யில் நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நான் ரிசீவரைப் பிடித்தது அதன் மூஞ்சிக்கு நேரே.

டை சிரித்தார். எஸ்தர் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். முதலாளி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எங்கள் கடை போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. என் வேலை போய்விட்டது என்பதும் தெரிந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் நான் ரிசீவரில் சொன்னேன்.

"சார். அது மிஷின் இல்ல. ஜிம்மி."

அந்தப் பக்கம் கொட்டு நெருங்கிக் கேட்டது.

"ஜிம்மியா?"

"ஆமா."

"அப்ப மிஷின் என் தப்பு. ஆனா சத்தம் தப்பில்ல. டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லுங்க."

அதையும் சொன்னேன். இன்னும் கூடச் சிரித்தார்கள். காண்ட்ராக்ட் டைக்குப் போனது.

திரும்பி வந்தால் ஊருக்குள் நுழைய முடியவில்லை. தேர் கீழ ரத வீதி திரும்பிக்கொண்டிருந்தது. கூட்டத்துக்குள் சத்தம் சார் தெரிந்தார். சக்கரத்துக்குப் பக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். எவனோ அவர் காலை மிதித்தான். அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஓனர் என்னிடம், "மாசக் கடைசி வரைக்கும் பாப்போம் அண்ணாச்சி" என்றார். சரி என்றேன். வீட்டில் சொல்லவில்லை.

சத்தம் சார் நோட்டில் எழுதியதை மட்டும் எனக்குப் படித்துக் காட்டினார். "நாலாவது மிஷின். பழுது இல்லை. தப்பாகச் சொன்னது நான். ஜிம்மி. பழுது." நோட்டை மூடினார். காலை எட்டரைக்கு இப்போது பதிமூன்று போன்தான். மில் நம்பர் வருகிற இடத்தில் விரல் ஒரு தடவை நின்றுவிட்டு அடுத்ததற்குப் போகும்.

பன்னிரண்டு நாள் கழிந்தது.

ஒரு மத்தியானம் கடை வாசலில் கார் நின்றது. மில் முதலாளி இறங்கினார். பின்னால் ஜிம்மி. விலாப் பக்கம் மயிரைச் சிரைத்துக் கட்டுப் போட்டிருந்தது. ஓனர் எழுந்து நாற்காலியைத் துடைத்தார். முதலாளி உட்காரவில்லை.

"ஐயா, அன்னிக்கு எல்லாரும் சிரிச்சோம். வீட்டுக்குப் போனாத் தூக்கம் வரலை. மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நெஞ்சுல நிசமாவே தண்ணி. குழாய் போட்டு எடுத்தாரு. யாரு கண்டுபிடிச்சதுன்னு டாக்டர் கேட்டாரு. கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரு, போன்லன்னு சொன்னேன். என்னைய ஒரு மாதிரியாப் பாத்தாரு."

சத்தம் சார் ஜிம்மியைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டார்.

"இப்பச் சரியா இருக்கு" என்றார்.

"இன்னொண்ணு," என்றார் முதலாளி. "அந்தப் பச்சை சிவப்பு. அதால எஸ்தர் அழுகுது."

கதை இதுதான். அந்த சாப்ட்வேர் சும்மா இருக்கவில்லை. பிரிண்டரில் பேப்பர் தீர்ந்தால் 'டீங்', சிவப்பு. ஒருத்தர் டீ குடிக்க எழுந்து போனால் 'டீங்', சிவப்பு. கரெண்டு ஏறி இறங்கினால் நாலும் சேர்ந்து 'டீங்'. ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது. முதல் நாள் எல்லாரும் ஓடினார்கள். மூன்றாம் நாள் திரும்பிப் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் எஸ்தர் அக்கா சத்தம் வருகிற ஓட்டையில் பஞ்சு வைத்து, மேலே பேண்டேஜ் சுற்றிவிட்டார். பஞ்சுக்கா அந்த ஊரில் பஞ்சம். ஒன்பதாம் நாள் மூன்றாவது மிஷின் நிசமாகவே நின்றுபோனது. அதற்கும் சிவப்பு வந்தது. யாரும் பார்க்கவில்லை.

எழுதி வைக்கிற கதையும் அப்படித்தான். அது தானாக ஒன்றும் எழுதவில்லை. எஸ்தர் அக்காவைத்தான் கேட்டது. ஒரு மிஷினுக்கு அறுபது கேள்வி. நிரப்பினால்தான் அடுத்த பக்கம் போகும். அக்கா அறுபதுக்கும் 'சரி' என்று அடித்துவிட்டார். மிஷின் விற்ற கடை பேர் என்ன? சரி. எந்த வருஷம் வாங்கியது? சரி. டைக்குப் போன் போட்டால், அவர் கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு, "ரிப்போர்ட்ல எல்லாம் சரின்னுதானுங்க இருக்கு" என்றாராம்.

"அதை எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டேன்," என்றார் முதலாளி. "பழையபடி நீங்களே பாருங்க. ஆனா மிஷின் நாலு இல்ல."

ஓனர் முகம் சுருங்கியது. "கொறைச்சிட்டீங்களா முதலாளி?"

"அஞ்சு."

அன்றே காண்ட்ராக்ட் டைப் அடித்தோம். ஒன்று முதல் நாலு வரை மிஷின் நம்பர். ஐந்தாவதை சத்தம் சார் சொல்லச் சொல்ல ஓனர் அடித்தார். "ஜிம்மி. நிறம் வெள்ளை. வயது ஆறு. காத்தாடி கிடையாது." முதலாளி படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். என் வேலை அப்படித் தப்பி நின்றது. நாலு காலில் நின்றது என்று சொல்லலாம்.

பிறகு தினம் எட்டரைக்கு எஸ்தர் அக்கா நாலு மிஷினுக்கும் ரிசீவரைக் காட்டிவிட்டுக் கடைசியில் ஜிம்மியிடம் நீட்டுவார். அது நக்கும்.

"ஜிம்மி சரி. ரிசீவரைத் தொடைங்க."

டொக்.

அடுத்த வருஷத் தேர் வந்தது. ஓனர் குடும்பத்தோடு தேர் பார்க்கப் போய்விட்டார். சத்தம் சார் விடியும் முன்னேயே சக்கரத்துக்குப் போய்விட்டார். கடையில் நான் மட்டும். ஊர் முழுசும் கரெண்டு இல்லை. மிஷின் எல்லாம் அணைந்து கிடந்தது. வேலை இல்லையே என்று அலமாரியைத் திறந்து நோட்டுகளைத் தூசி தட்டினேன். மில் நோட்டிலிருந்து ஒரு தாள் விழுந்தது.

நான் படிக்க மாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தார். திரும்ப எந்தப் பக்கத்தில் வைப்பது என்று தெரிய வேண்டுமே. அதற்காகப் பார்த்தேன்.

ஓனருக்கு எழுதிய லெட்டர். உடம்புக்கு முடியவில்லை, வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று இருந்தது. கீழே சத்தம் சார் கையெழுத்து. தேதி மட்டும் போடவில்லை. அவர் உடம்புக்கு ஒன்றும் கிடையாது. நாலு வீதியும் நடக்கிற ஆள்.

அது இருந்த பக்கத்தின் தலைப்பில் என்னைப் போட்டிருந்தார்.

"வண்டி அண்ணாச்சி. பேச்சு இல்லை. கை ஆடாது. மூத்த பொண்ணு பத்தாவது, சின்னவள் ஏழாவது. மில் போனால் கடையில் ஒரு ஆள்தான். மாற்றாகப் போவது: நான்."

ஓனர் எங்களைக் கூப்பிட்டுப் பேசினாரே, அன்று சாயங்காலம் சாவி வாங்கி எழுதியது இதுதான்.

போன் அடித்தது. எட்டரை.

"சத்தம் சார் பேசுறேன். ரிசீவரை மிஷின் பக்கத்துல புடிங்க."

"கரெண்டு இல்ல சார். தேரு."

"தெரியும். இங்கதான நிக்கேன். பழக்கத்துல வந்துருச்சு."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. தாள் என் கையில் இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும்.

"அண்ணாச்சி, என்ன மூச்சு ஒரு மாதிரி வருது?"

"ஒண்ணுமில்ல சார்."

"ரிசீவரை நெஞ்சுல வைங்க."

வைத்தேன். கை ஆடியது.

முப்பது வரை எண்ணுவார், வைத்துவிடுவார். அது தெரியும். நானும் எண்ணினேன். முப்பது வந்தது. ரிசீவருக்குள் லேசாகக் கொட்டுச் சத்தம் கேட்டது. லைன் சாகவில்லை. ஐம்பதில் 'கோவிந்தா' என்று ஊரே கத்தியது. ரிசீவரிலும் கேட்டது, வாசலிலும் கேட்டது. தேர் நகர்ந்துவிட்டது. அவர் பூத்தை விட்டுப் போகவில்லை. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

நூற்று நாலு.